அடித்தல் திருத்தல் இன்றி

தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி வைக்கிற கீ வலது கைச் சுண்டுவிரலுக்கு உரியது. 1979இல் மாயவரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படிக்கச் சேர்ந்தபோது அந்த ஒரு கீதான் என்னை அழவைத்தது. மற்ற விரல்கள் அடித்ததெல்லாம் கறுப்பாக விழும். சுண்டுவிரல் அடித்த புள்ளி மட்டும் இருக்கிறதா இல்லையா என்று தாளைச் சாய்த்துத் தேட வேண்டும். சார் கண்ணால் மட்டும் திருத்த மாட்டார். தாளை உருவித் திருப்பி, அதன் முதுகை ஆள்காட்டி விரலால் தடவுவார். எந்த விரல் துணிந்து அடித்தது, எந்த விரல் பயந்து அடித்தது என்று அந்த மேடுபள்ளம் அவருக்குச் சொல்லிவிடும். “பூவாம்மா பறிக்கிறே? அடிம்மா!” என்பார். கட்டைவிரல் இடைவெளிக்கு, மீதி எட்டு விரலும் ஒரே கனத்தில் விழ வேண்டும். அவர் சொல்லித் தந்த டைப்பிங் அவ்வளவுதான்.

அதே மெஷினில் நான் இப்போது முகங்கள் அடிக்கிறேன். சார் சொன்னதற்கு நேர் எதிராக அடிக்கிறேன். எட்டு விரலுக்கும் எட்டுக் கனம். அன்று ஏச்சு வாங்கித் தந்த அந்த மங்கல் புள்ளி இல்லாவிட்டால் என்னால் ஒரு கன்னத்தைக்கூட முடிக்க முடியாது.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. பென்சிலை எடுத்தால் வட்டம்கூட வட்டமாக வராது. ஹையர் முடித்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்த் திண்ணையில் ஒரு மேஜை போட்டு, ஜாப் டைப்பிங்குக்கு உட்கார்ந்தேன். கிரயப் பத்திரம், ஒத்திப் பத்திரம், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம். முத்திரைத் தாளில் ஒரு எழுத்துத் தவறினால் ரப்பர் போட்டு அழிக்க முடியாது. அடித்து, மேலே திருத்தி, எத்தனை இடத்தில் அடித்தல் திருத்தல் என்று பத்திரத்தின் கடைசியில் குறித்து, எழுதிக் கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கெல்லை சொல்லும்போது கிழக்கை மேற்காக அடித்துவிட்டால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும். அதனால் விரல் விழுவதற்கு முன்னாலேயே கண் அடுத்த வரிக்குப் போய்த் திரும்பிவிடும். இந்தப் பழக்கம்தான் என் ஓவியப் படிப்பு. முகம் அடிக்கும்போதும் நான் வெள்ளை மை தொடுவதில்லை. விழுந்தது விழுந்ததுதான். ஒரு எழுத்து கூடுதலாகக் கறுத்துவிட்டால் அதை வெளுக்க வழி கிடையாது. அது பொருந்துகிற மாதிரி சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒரு படி கறுப்பாக்க வேண்டும். ஒரு தவறு முழு முகத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

தட்டச்சில் படம் போடுவது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இன்ஸ்டிட்யூட்டில் பொங்கல் வாழ்த்துக்கு நாங்கள் எல்லோரும் எக்ஸும் ஓவும் கோடும் சேர்த்துப் பூவும் மயிலும் அடித்திருக்கிறோம். ஃப்ளோரா ஸ்டேசி என்ற இங்கிலாந்துப் பெண் 1898இலேயே அடைப்புக்குறி, சிறுகோடு, புள்ளி, சாய்கோடு இவற்றைக் கொண்டு ஒரு பட்டாம்பூச்சி அடித்திருக்கிறார். அவரும் என்னைப் போலத் தட்டச்சர். அதன் அச்சுப்படியை முதலில் பார்த்த அன்று, வேலை முடிந்த ஒரு சாயங்காலத்தில் அந்தப் பெண் மெஷினை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்திருப்பாள் என்று தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஐப்பசி மழை. பதிவுக்கு ஆளில்லை. திண்ணைக்கு உள்ளே மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாட்காட்டியில் இருந்த பாரதியை ஆங்கில மெஷினில் அடிக்க ஆரம்பித்தேன்.

மூன்று நாள் அடித்தேன். விண்ணப்பம் அடிக்க வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “யாரும்மா இது, முண்டாசு கட்டிக்கிட்டுக் கொசுவலைக்குள்ள நிக்கிறது?” என்று கேட்டார். அதைவிடச் சரியான விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. மீசை கறுப்பு, கண் கறுப்பு, எல்லாம் சரிதான். ஆனால் முண்டாசிலும் நெற்றியிலும் மெல்லிய எழுத்துகளை நிரப்பி வைத்திருந்தேன். தாளில் காலியிடம் விடக்கூடாது என்று பத்திரம் அடித்துப் பழகிய கை. முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? என் டைப்ரைட்டரில் வெள்ளை என்று ஒரு ரிப்பன் இல்லை. தாள்தான் வெள்ளை. அதை அடிக்காமல் விட்டால்தான் உண்டு. பாரதியின் முண்டாசு என்பது நான் எதுவும் அடிக்காத இடம். அதன் மடிப்புகளின் நிழலை மட்டும் அடித்தால் துணி தானாக வந்துவிடும். இதை ஒப்புக்கொள்ள விரல்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

பிறகு தமிழ் மெஷினுக்கு மாறினேன். அதற்குக் காரணம் மொழிப்பற்று அல்ல, நிறம். மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ‘ர’வுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் ‘ண’வுக்கும். மூன்று சுழியையும் அந்த ஒற்றை இடத்துக்குள் நெருக்கி வைத்திருப்பார்கள். அதனால் ‘ண’ தாளில் விழும்போது கிட்டத்தட்டக் கறுப்புக் கட்டி. ‘ர’ வெறும் சட்டம். ‘ப’ அதைவிடக் காற்றோட்டமானது, மேலே கதவு திறந்த வீடு. ‘ப’, ‘ட’, ‘ர’, ‘க’, ‘ற’, ‘ஞ’, ‘ண’ என்று வரிசைப்படுத்தினால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஒரு படிக்கட்டே கிடைக்கிறது. எழுத்துக்குக் கனம் மட்டுமல்ல, திசையும் உண்டு. ‘ட’ ஒரு மூலை. தாடை திரும்புகிற இடத்துக்கு அதைவிட்டால் வேறில்லை. கால் என்று நாம் சொல்கிற ‘ா’வின் நேர்க்கோடு மூக்குத்தண்டின் பக்கவாட்டு நிழலுக்கு. ‘ழ’வின் வால் கீழ் வரிக்குள் இறங்கும், அதனால் தலைமுடிக்கு அது. இரண்டு வரிகளுக்கு இடையே தெரிகிற வெள்ளைக் கீற்றை அது தைத்துவிடும்.

இன்னொரு காரணம் அந்தப் புள்ளி. டைப் அடித்தவர்களுக்குத் தெரியும், தமிழ் மெஷினில் புள்ளியும் கொம்பு விசிறியும் நகராத கீகள். மற்ற எழுத்தை அடித்தால் கேரேஜ் ஒரு இடம் நகரும். புள்ளியை அடித்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். ‘க்’ அடிக்க முதலில் புள்ளி, அப்புறம்தான் ‘க’. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தவர். 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான கீகளுக்குள் அடக்க வேண்டும் என்றால், சில குறிகள் நகராமல் மற்ற எழுத்தின் தலையில் போய் உட்காரத்தான் வேண்டும். கடிதம் அடிப்பதற்காக வந்த அந்த ஏற்பாடு எனக்கு வேறொன்றைத் தந்தது. ஆங்கில மெஷினில் ஒரே இடத்தில் இரண்டு தரம் அடிக்க வேண்டுமானால் பின்னுக்குத் தள்ளும் கீயைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டலிலும் ஒரு மயிரிழை விலகும். தமிழில் புள்ளியை அதே இடத்தில் இரண்டு தரம், ஐந்து தரம், பத்துத் தரம் வைக்கலாம். முதல் அடியில் சாம்பல், பத்தாவதில் கருவிழி. நடுவே எத்தனை படி வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். கண்ணுக்கு உள்ளே இருக்கும் அந்த ஒரு சொட்டு ஒளியைச் சுற்றி நான் வைப்பது முழுக்கப் புள்ளிகள்தான்.

ரிப்பன்கள் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று புதியது, ஒன்று ஆறு மாதம் ஓடியது, மூன்றாவது சாகக் கிடப்பது. தோல் முழுக்க அந்த மூன்றாவதில்தான். மை தீர்ந்துபோன ரிப்பனைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அந்தச் சாம்பலைக் கடையில் வாங்க முடியாது. ஆயிரம் பக்கம் அடித்துத்தான் சம்பாதிக்க வேண்டும். மூன்றையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கிறேன். வேலை நடுவே மாற்றும்போது கையெல்லாம் கறுப்பாகும். தாளில் விரல் படாமல் இருக்க ஒவ்வொரு முறையும் சீயக்காய் போட்டுக் கழுவுகிறேன். புது ரிப்பன் கடைசியில்தான் வரும், கருவிழிக்கும் உதடுகள் சேர்கிற கோட்டுக்கும். அதை முன்னாலேயே எடுத்து எத்தனையோ முகங்களைக் கெடுத்திருக்கிறேன். கண்ணை அடித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். அங்குலத்துக்கு 10 எழுத்து, 6 வரி என்று வைத்தால், ஆறு அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள முகத்துக்கு 2,880 இடங்கள். வரியைப் பாதியாக நெருக்கினால் 5,760. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று அடி விழும் என்றால் சுமார் 15,000 அடி. ஹையர் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 45 சொல், சொல்லுக்கு 5 அடி. அந்த வேகத்தில் இது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வேலை. எனக்கு ஒரு மாதம் ஆகிறது. மீதி நேரமெல்லாம் அடிக்காமல் உட்கார்ந்திருக்கிற நேரம்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அடிக்கும்போது முகம் எனக்குத் தெரியாது. அடிக்கிற இடத்தை ரிப்பன் பாதி மறைத்துவிடும். அடித்து முடிந்த நெற்றி உருளைக்குப் பின்னால் வளைந்துபோய்விடும். கண்ணெதிரே இருப்பது இரண்டு விரல் அகலத்துக்கு எழுத்துக் குவியல். பக்கத்தில் இருந்து பார்த்தால் அது எழுத்து, தள்ளிப்போனால்தான் மூக்கு. லியன் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் படத்தைப் பெரிய பெரிய சாம்பல் கட்டங்களாக உடைத்துக் காட்டினார். கிட்டத்தில் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கினாலோ எட்டிப்போனாலோ லிங்கன். சால்வடார் டாலி அதிலிருந்து ஒரு பெரிய ஓவியமே செய்தார். எட்டிப்போய்ப் பார்க்க எனக்கு எங்கள் வீட்டு முற்றம். பத்து வரி முடிந்ததும் உருளையைத் தளர்த்தித் தாளை எடுக்காமல் மேலே தள்ளி, மெஷினைக் கூடத்தில் விட்டுவிட்டு முற்றத்தின் எதிர்ப்பக்கம் போய்த் துளசி மாடத்தில் சாய்ந்து நின்று பார்ப்பேன். சில நாள் அங்கிருந்து பார்க்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள். சில நாள் யாரோ உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டாவது நாளுக்காகத்தான் இவ்வளவும்.

இந்த வழியில் போனவர்களில் இருவரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் பால் ஸ்மித். 1921இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பெருமூளை வாதத்தால் கைகளும் பேச்சும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு கீயாக அடிப்பார். இரண்டு கீயை ஒன்றாக அழுத்த முடியாது என்பதால் ஷிஃப்ட்டைப் பூட்டி வைத்துவிட்டு, எண் வரிசையின் மேலே இருக்கும் குறிகளை மட்டும் கொண்டு நூற்றுக்கணக்கில் படங்கள் செய்தார். மோனா லிசாவும் அதில் ஒன்று. 2007இல் மறைந்த அவருடைய கருவி ஒரு சாதாரண அலுவலக மெஷின். அவரது படத்தில் நிழல்கள் சாம்பல் புகைபோல மெல்ல மாறுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கிய ஒருவரால் எப்படி இவ்வளவு மென்மையாக அடிக்க முடிந்தது என்று முதலில் வியந்தேன். அவர் விரலைவிடப் பொறுமையை நம்பினார் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொருவர் மும்பையின் சந்திரகாந்த் பிடே. வங்கியில் தட்டச்சர். ஆர். கே. லட்சுமணின் சாமானிய மனிதரை டைப்ரைட்டரில் அடித்தவர். ஓவியக் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டு, வசதியில்லாமல் டைப் அடிக்கப் போனவர். அந்த வரியைச் செய்தித்தாளில் படித்துவிட்டு நான் அன்று வேறெதுவும் படிக்கவில்லை.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்ல வேண்டும், அவர் மெஷினைத் தொட்டவர் இல்லை என்றாலும். அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் 1985இல் தன் மனைவியின் பாட்டியை வெறும் விரல் ரேகையால் வரைந்தார். தூரிகையே இல்லை. மையைத் தொட்டு விரலை வைக்க வேண்டியது. அழுத்தினால் கறுப்பு, தொட்டும் தொடாமலும் வைத்தால் சாம்பல். அவருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காத குறை இருந்தது. அதனாலேயே முகங்களை விடாமல் வரைந்தார். அந்தப் பாட்டியின் கழுத்துச் சுருக்கங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்குச் சாரின் விரல்தான் ஞாபகம் வந்தது. தாளின் முதுகைத் தடவிக் கனம் பார்த்த விரல்.

மெஷினைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கோத்ரேஜ் 1955இல் தொடங்கிய டைப்ரைட்டர் தயாரிப்பை 2009இல் நிறுத்திவிட்டது. பத்திரமெல்லாம் கணினிக்குப் போய்விட்டது. உருளையின் ரப்பர் வயதானால் கல்லாகிவிடும். கல்லான உருளையில் முற்றுப்புள்ளி தாளைத் துளைத்துவிடும். நான் முகத் தாளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தாள் கொடுத்து மெத்தை மாதிரி வைக்கிறேன். ‘ண’, ‘ற’, ‘ழ’ இவற்றின் சுழிக்குள் மையும் நூல்பஞ்சும் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். ஒரு முகத்தின் நடுவே மட்டும் தேய்க்க மாட்டேன். சுழி அடைத்த ‘ண’ ஒரு நிறம், சுத்தமான ‘ண’ வேறு நிறம்.

இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது அங்கிருந்த தமிழ் மெஷினை நான்தான் வாங்கிக்கொண்டேன். சார் போய்ச் சேர்ந்த பிறகு அவரை அந்த மெஷினிலேயே அடிக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் வீட்டம்மாவிடம் கேட்டேன். ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான் இருந்தது. அதுவும் ஸ்டுடியோவில் டச் அப் செய்தது. சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு அவர் கன்னம் முழுக்க இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் தீட்டி அத்தனையையும் மறைத்து, அவரை வழுவழுவென்று ஒரு மாப்பிள்ளை ஆக்கியிருந்தார்.

படத்தில் கட்டம் போட்டேன். நெற்றி, காது, சட்டைக் காலர் எல்லாம் படத்தைப் பார்த்து அடித்தேன். கண்ணாடிச் சட்டத்துக்கு ‘ட’வும் காலும். கன்னத்துக்கு வந்ததும் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சாகக் கிடக்கிற ரிப்பனை மாட்டி, ‘ப’வால் மெல்லிசாக ஒரு தளம் போட்டேன். அதன்மேல் சுண்டுவிரல். வெயில் படுகிற வலது கன்னத்தில் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு புள்ளி, நிழல் கன்னத்தில் இரண்டு. தழும்பு என்பது பள்ளம். அதன் ஒரு ஓரம்தான் இருட்டு, எதிர் ஓரத்தில் வெளிச்சம் விளிம்பு கட்டும். அதனால் புள்ளியின் வலப்பக்கத்தை எப்போதும் வெறுமையாக விட வேண்டும். எத்தனை வைத்தேன் என்று எண்ணவில்லை. பதினேழு வயதில் அவர் தாளைத் தடவும்போது பக்கத்தில் நின்று அந்தக் கன்னத்தைத்தான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் எங்கே எது என்று மனப்பாடம் ஆகியிருந்தது. இருபத்தாறு நாள் ஆயிற்று. துளசி மாடத்தருகே நின்று பார்த்தேன். இருந்தார்.

எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஜன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “எல்லாம் சரிதாம்மா,” என்றார். “மூக்குக்குப் பக்கத்துல, இந்தப் பக்கம், ரெண்டு இருக்குமே. பெரிசா. அது எங்க?”

எனக்கு அது தெரியாது. நான் எப்போதும் அவருடைய வலதுபக்கம் நின்றவள். அம்மாவிடம் பென்சிலைக் கொடுத்தேன். தயங்காமல் இரண்டு இடத்தில் முனையை வைத்துக் காட்டினார்.

உருவிய தாளை மறுபடி மெஷினில் ஏற்றி அதே இடத்தில் நிறுத்துவதுதான் இந்த வேலையில் ஆகக் கடினமானது. ரிப்பனை ஸ்டென்சிலுக்கு மாற்றினால் ரிப்பன் எழாது; மை படாமல் தாளில் வெறும் தடம் மட்டும் விழும். உருளையின் இடப்பக்கக் குமிழை அழுத்தி மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஓரத்தில் ஒரு ‘ப’வை வெறுந்தடமாக அடித்து, பழைய ‘ப’வோடு சேர்கிறதா என்று பார்த்தேன். சேரவில்லை. மறுபடி. ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. சேர்ந்ததும் கறுப்புக்கு மாற்றினேன். பென்சில் குறியில் ஒரு புள்ளி; ஸ்பேஸ் தட்டி, இன்னொரு புள்ளி.

மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, முதுகுப் பக்கத்தில் அந்த இடத்தை ஆள்காட்டி விரலால் தடவினார்.

“லேசாத்தான் அடிச்சிருக்கே,” என்றார்.